பழைய படகும் புதிய கடனும்

நம் நாட்டின் கடற்கரைகளிலும் காயல்களிலும் ஆறுகளிலும் ஓடும் எந்திரப் படகுகளில் பல, ஒரு முறைக்கு மேல் கைமாறியவை. புதிய படகைச் செய்வித்து, புதிய எந்திரம் பொருத்தி, வலையும் வாங்கித் தொழில் தொடங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கூலிக்குக் கடலுக்குச் செல்லும் ஒருவர் சொந்தப் படகின் உரிமையாளராக உயரும்போது, அவர் முதலில் ஏறி நிற்பது பெரும்பாலும் ஒரு பழைய படகில்தான். ஆயினும் அந்த முதற்படியை நாம் போதிய அக்கறையுடன் நோக்குவதில்லை. வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்க்கின்றனர். மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றனர். படகு வாங்குவோரோ வண்ணப்பூச்சைப் பார்த்தும் எந்திரத்தின் ஓசையைக் கேட்டும் விலை பேசிவிடுகின்றனர்.

பழைய படகு வாங்குவதில் தவறேதும் இல்லை. வாங்கிய பின் அதனை மேம்படுத்தச் செய்யும் செலவு, வரிசை மாறிச் செய்யப்படுகிறது என்பதே நமது கவலை. கைக்கு வந்த படகில் பலரும் முதலில் மாற்ற விரும்புவது எந்திரத்தை, அடுத்து வண்ணத்தை, படகின் உடலையும் உயிர்காப்புக் கருவிகளையும் நினைப்பது கடைசியில். இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முதலில் உடல். கண்ணாடியிழைப் படகு மரத்தைப்போல் உளுத்துப் போகாது. ஆகவே அதற்கு வயதே இல்லை என்றொரு நம்பிக்கை உண்டு. உண்மை வேறு. மேற்பூச்சில் விழும் நுண்ணிய விரிசல் வழியே நீர் உள்ளே இறங்குகிறது. எந்திரத்தைத் தாங்கும் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை வைத்து மூடியிருந்தால், அது வெளியே தெரியாமல் மட்கிப்போகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தென்னகக் கடற்கரைகளில் ஏராளமான கண்ணாடியிழைப் படகுகள் குறுகிய காலத்தில் வார்க்கப்பட்டன. அவற்றுள் இன்னும் நீரில் இருப்பவற்றின் வயது இருபதைக் கடந்துவிட்டது. அத்தகைய படகு ஒன்று விற்பனைக்கு வருமானால், அதன் பளபளப்பு நமக்கு எதையும் சொல்லாது.

சொல்லக்கூடியவை வேறு சில சோதனைகள். சிறிய மரச்சுத்தியால் உடல் முழுவதும் மெல்லத் தட்டிப் பார்த்தால், நலமான இடம் கணீரென ஒலிக்கும். நீர் புகுந்த இடம் மந்தமாக ஒலிக்கும். எந்திரத்தின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பின்பலகை அசைந்தால், உள்ளிருக்கும் பலகை வலுவிழந்துவிட்டது என்று கொள்ளலாம். படகைக் கரையேற்றிக் கழுவி, அடிப்புறத்தில் கொப்புளங்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டாம். அனுபவமுள்ள படகுக் கொத்தர் ஒருவரின் அரைநாள் கூலி போதும். அக்கூலியை மிச்சப்படுத்துவோர், பின்னர் பின்பலகையை முழுவதுமாக அறுத்தெடுத்து மீண்டும் வார்க்க நேரிடலாம்.

எந்திரத்தைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. விற்பவர் முன்கூட்டியே இயக்கிச் சூடேற்றி வைத்திராத நிலையில், குளிர்ந்த எந்திரத்தை நம் முன்னிலையில் இயக்கச் சொல்வது நல்லது. பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். உருளைகளின் அழுத்தத்தைக் கருவி வைத்து அளந்தால், அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் இருத்தல் வேண்டும். வெளிப்புறத்தில் பொருத்தும் எந்திரத்தின் தண்டு பொதுவாக 15 அல்லது 20 அங்குல நீளத்தில் வருகிறது. பின்பலகையின் உயரத்துக்கு அது பொருந்தாவிடில் எவ்வளவு நல்ல எந்திரமும் பயன் தராது. இறுதியாக, வழக்கமான சுமையை ஏற்றி ஒரு மணி நேரமாவது நீரில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

அடுத்து, திறன் கூட்டும் ஆசை. 10 குதிரைத்திறன் எந்திரத்தைக் கழற்றிவிட்டு 20 குதிரைத்திறன் எந்திரத்தைப் பொருத்தினால் வேகமும் இருமடங்காகும் என்று எண்ணுவோர் உளர். சுமையுடன் நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு அக்கணக்கு பொருந்தாது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள அத்தகைய படகு, ஏறக்குறைய 6.7 கடல்மைல் வேகத்தை நெருங்கும்போது தானே எழுப்பிய அலையை ஏற முயன்று தடுமாறத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஊற்றும் எரிபொருளில் பெரும்பகுதி அலையாகவே வீணாகும். மாறாக, அந்த எல்லைக்குச் சற்று முன்பே வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால், அதே தூரத்துக்கு ஆகும் எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். பெரிய எந்திரத்தின் எடையோ பழைய பின்பலகையை நாள்தோறும் வதைக்கும். எனவே, பழைய எந்திரம் ஓயும்போது அதே திறனுள்ள, குறைவாகக் குடிக்கும் நான்கு வீச்சு எந்திரத்துக்கு மாறுவதே பெரும்பாலோர்க்கு உகந்த மேம்பாடு. மணிக்கு ஒரு லிட்டர் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 மணி நேரமாக 200 நாள் ஓடினால் ஆண்டுக்கு 1,000 லிட்டர். கடன் தவணையின் ஒரு பகுதியை அந்த மிச்சமே அடைத்துவிடும்.

படகின் பயனையே மாற்றும் மேம்பாடு எல்லாவற்றிலும் கொடியது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றியமைத்து, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினர் என்று அப்போது செய்திகள் வெளியாயின. மீன்பிடிப் படகின் சுமை தாழ்வான இடத்தில், பனிக்கட்டியாகவும் மீனாகவும் கிடக்கும். அதன்மேல் ஒரு தளம் எழுப்பி மக்களை நிறுத்தினால் எடையின் மையம் மேலேறிவிடும். எல்லோரும் ஒரு பக்கம் திரும்பினாலே போதும். தகுதியுள்ள பொறியாளரின் வரைபடமும் அதிகாரியின் சோதனைச் சான்றும் இல்லாத எந்த மாற்றமும், மேம்பாடு என்னும் பெயருக்குரியதன்று.

உயிர்காப்புக் கருவிகளை நாம் செலவுக் கணக்கின் அடியில் எழுதுகிறோம். அவை மேலே இருக்க வேண்டும். தலைக்கு ஓர் உயிர்காப்பு மேலங்கி, கடல்வழித் தொடர்புக்கான வானொலிக் கருவி, விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இடர் அறிவிப்புக் கருவி ஆகியன இன்று எட்டாப் பொருள்கள் அல்ல. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தது. கடலோரக் காவல்படையின் 1554 என்னும் எண்ணை ஒவ்வொரு படகின் உட்புறத்திலும் எழுதி வைக்க, வண்ணப்பூச்சில் மிஞ்சிய ஒரு கரண்டி வண்ணமே போதும்.

இனி, ஆவணம். மும்பையில் 2008ஆம் ஆண்டு நடந்த தாக்குதலில் வந்தவர்கள், கடலில் கைப்பற்றிய மீன்பிடிப் படகொன்றில்தான் நம் கரையை நெருங்கினர். அதன் பின்னர் படகுப் பதிவு கடுமையாக்கப்பட்டது. மீன்பிடிப் படகுகள் மாநில மீன்வளத் துறையிடம் பதிவு செய்யப்படுகின்றன. ஆறுகளிலும் காயல்களிலும் ஓடும் எந்திரக் கலங்களுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும் சோதனையையும் வேண்டுகிறது. பெயர் மாற்றாமல் பழைய உரிமையாளரின் பெயரிலேயே படகை ஓட்டுவது இன்றும் பல கரைகளில் காணப்படும் பழக்கம். அவ்வாறு ஓட்டுபவர், படகு கவிழும் நாளில் காப்பீட்டுத் தொகையைக் கேட்க இயலாதவராகிறார். முன்னவர் வாங்கிய கடனுக்காகப் படகு பிடிக்கப்படும் நாளில் பேச வாயற்றவராகிறார்.

இவ்வளவு அறிந்திருந்தும் மக்கள் ஏன் அவசரப்படுகின்றனர்? பணம் வரும் வழியில் இருக்கிறது விடை. கரையில் மீனை ஏலம் எடுப்போர் படகு வாங்க முன்பணம் தருகின்றனர். சான்றும் சோதனையும் கேட்பதில்லை. அன்று மாலையே பணம் கைக்கு வருகிறது. அதற்கு ஈடாக, பிடிக்கும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் கழிவுக்கு விற்க வேண்டும். அத்தகைய படகின் உண்மையான விலை எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. கூலியாக இருந்தவர் உரிமையாளர் ஆகிறார். ஆனால் தம் மீனுக்கு விலை சொல்லும் உரிமையை இழக்கிறார்.

இங்கே வங்கிகளுக்கும் கடமை உண்டு. 2018-19ஆம் ஆண்டில் உழவர் கடன் அட்டை மீன்வளத் தொழிலுக்கும் விரிவாக்கப்பட்டது. அது அன்றாட மூலதனத்துக்கு உதவுகிறது. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டம் பாரம்பரிய மீனவரின் மாற்றுப் படகுக்கும் வலைக்கும் மானியம் தருகிறது. பழைய படகு வாங்குவோருக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். விலைக்கு மட்டுமன்றி, வாங்குமுன் செய்யும் சோதனைக்கும் வாங்கியபின் செய்யும் பழுதுபார்ப்புக்கும் சேர்த்து ஒரே கடனாக வழங்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் ஒன்றிய அரசின் 61 நாள் மீன்பிடித் தடை நடப்பில் உள்ளது. அந்நாள்களில் வருவாய் இல்லாதவரிடம் மாதத் தவணை கேட்பதைவிட, வரத்து மிகுந்த மாதங்களில் கூடுதலாகப் பெறும் தவணை முறையே கடனும் திரும்பிவர வழி செய்யும்.

வாடிக்கையாளராகிய நாமும் ஒன்றைச் செய்யலாம். படகுக்கென ஒதுக்கிய தொகை முழுவதையும் விலையாகவே கொடுத்துவிடாமல், நான்கில் ஒரு பங்கையாவது கையில் நிறுத்தி வைக்கலாம். அத்தொகைக்கு அடங்கும் படகு சற்றுச் சிறியதாக இருக்கும். ஆனால் அதன் பின்பலகை உறுதியாகவும், பதிவு நம் பெயரிலும், மேலங்கிகள் தலைக்கொன்றாகவும் இருக்கும். சிறிய படகில் தொடங்கிப் பெரிய படகுக்கு மாறியவர்களைக் கரைதோறும் காண்கிறோம். எல்லாப் பணத்தையும் எந்திரத்தில் போட்டுவிட்டு நடுக்கடலில் பின்பலகை பிளந்தவருக்கு, அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைப்பது அரிது.