தனியாகவா வந்தீங்க?

வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வருகிறது. சனிக்கிழமை மாலை சமூக மன்றத்தில் கலந்துரையாடல், அனுமதி இலவசம், சிற்றுண்டி உண்டு. “போகலாமே” என்று பதிவும் செய்துவிடுகிறோம். சனிக்கிழமை மதியம் ஆனதும் வயிற்றைப் பிசைகிறது. அங்கே யாரையும் தெரியாதே, எங்கே உட்காருவது, என் தமிழைக் கேட்டு யாராவது சிரித்துவிட்டால்? ஐந்து மணிக்குள் “அடுத்த முறை பார்த்துக்கலாம்” என்று முடிவாகிவிடும். அப்பாடா என்றிருக்கும்.

சிக்கலே அந்த ‘அப்பாடா’தான். போகாததால் தப்பித்தோம் என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த அழைப்பிதழ் வரும்போது பயம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

வானொலியில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கூச்சம் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஒலிபரப்புக் கூடத்தில் எனக்குப் பயமில்லை. ஐம்பது பேர் நிற்கும் மண்டபத்துக்குள் தனியாக நுழைவதென்றால் கால் தயங்கும். ஒலிவாங்கி முன்னால் அடுத்த பாட்டு, அடுத்த நேயர் அழைப்பு என்று கைநிறைய வேலை. மண்டபத்தில் வேலை ஏதும் இல்லாததால் என்னையே கவனித்துக்கொண்டு நிற்கிறேன்.

மற்றவர்களும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றுவது அதனால்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் கிலோவிச்சும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடகரின் படம் போட்ட, அணியவே கூச்சப்படும்படியான டீ-சட்டையோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

ஆகவே, ஒரு வேலையோடு போங்கள். “நாற்காலி அடுக்க, பதிவு மேசையில் உட்கார ஆள் வேணுமா?” என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். தொண்டூழியர் வேண்டாம் என்று சொல்லும் குழுவை நான் இதுவரை பார்த்ததில்லை. பெயர் அட்டை கொடுப்பவருக்கு எல்லாரிடமும் பேச ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அது முடியாவிட்டால், பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமாகப் போனால் ஆங்காங்கே கூடிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே நுழைய வேண்டியிருக்கும். முன்னதாகப் போனால் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களும் பேச்சுத்துணை தேடுவார்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மட்டும் பையிலேயே இருக்கட்டும். அதற்குள் ஒளிந்துகொண்டால் போயும் போகாத கணக்குதான்.

தமிழ் தடுமாறுமே என்று தயங்குகிறீர்களா? 2007 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தமிழ்மொழி விழாவில் பல வகை நிகழ்ச்சிகள் உண்டு. முதல் முறை போகிறவர்கள் உட்கார்ந்து உரை கேட்பதைவிட, கைக்கு வேலை தரும் பயிலரங்கைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒரு குழுவோடு போய்ப் பாருங்கள். “இது எங்க பாட்டி வீட்டுல இருந்துச்சு” என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். இலக்கணம் யாருக்கும் நினைவிருக்காது.

நெஞ்சு படபடத்து, வேலைக்கோ கடைக்கோ போவதே கடினமாகிவிட்டால் அதை வெறும் கூச்சம் என்று விட்டுவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கடைசியாக, ஏற்கெனவே மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. “அதே முகங்கள்தான் வருது” என்று ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் குறைப்பட்டுக்கொள்கிறோம். புதிய முகம் ஒன்று வந்தால் “தனியாகவா வந்தீங்க?”, “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று தொடங்காதீர்கள். வட்டமாக நின்று பேசும்போது இன்னொருவர் வந்து நிற்க இடம் விடுங்கள். “சாப்பிட்டீங்களா? வடை சூடா இருக்கு” என்று சொல்லுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கும் அவர் வருவார்.