மரைன் பிளைனு சீல் இருந்தா போதுமா?

சின்னதா ஒரு மரப்படகு கட்டிப் பார்க்கணும்னு ஆசைப்படுற நண்பர்கள் கேட்குற முதல் கேள்வி, "எபாக்ஸி எந்த பிராண்ட் வாங்கலாம்?" ரெண்டாவது கேள்வி, "என்ன கலர் அடிக்கலாம்?" :-)

பலகையைப் பத்தி யாரும் கேட்கிறதில்லை. என்னைக் கேட்டா, அந்தப் படகு எத்தனை வருஷம் தாங்கும்ங்கிறது பலகை வாங்கி, குறிச்சு, அறுத்து அடுக்கி வைக்கிறதுக்குள்ளயே பெரும்பாலும் முடிவாயிடுது. இதை வெறும் எடுபிடி வேலைனு நினைச்சு அவசரப்படுறவங்களோட எனக்குச் சண்டையே உண்டு.

ஏன்னு சொல்றேன். இன்னைக்கு வீட்ல கட்டுற பிளைவுட் படகுகள்ல நிறைய 'தைத்து ஒட்டும்' முறையில வர்றவை. பலகை ஓரங்கள்ல துளை போட்டு, செம்புக் கம்பியால தைச்சு, உள்பக்கம் மரத்தூள் கலந்த பசையை வழிச்சு, மேல கண்ணாடி இழை நாடா ஒட்டிடுவாங்க. 1963-ல இங்கிலாந்துல வந்த 'மிரர்' படகுதான் இந்த முறையைப் பரவலாக்குச்சு. டெய்லி மிரர் பத்திரிகைக்காக பாரி பக்னெலும் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து வடிவமைச்சது. பத்து அடி பத்து அங்குலம் நீளம். இதுவரை 70,000-க்கும் மேல கட்டியிருக்காங்க.

பழைய மரப்படகுல உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வரிசையா நிக்கும். பலகை கொஞ்சம் சொத்தையா இருந்தாலும் சட்டம் தாங்கிக்கும். இந்த முறையில சட்டம் ரொம்பக் கம்மி. தோலும் பிளைவுட்தான், எலும்பும் பிளைவுட்தான். ஆறு மி.மீ. பலகையை வளைச்சுத் தைக்கும்போது நடு அடுக்குல ஒரு ஓட்டை இருந்தா சரியா அந்த இடத்துலதான் மடங்கி உடையும். உடையலைன்னா இன்னும் மோசம். தண்ணி உள்ளே போய் உட்கார்ந்து, வெளியே பெயிண்ட் பளபளன்னு இருக்க, உள்ளே மக்கிக்கிட்டே இருக்கும்.

"சார், மரைன் பிளைதான், ஐ.எஸ். 710 சீல் பாருங்க" என்பார் கடைக்காரர். சீல் நிஜமாவே இருக்கட்டும். அந்த இந்தியத் தரத்துல 72 மணி நேரம் கொதிக்க வெச்சாலும் பசை விடக்கூடாது. நல்ல விஷயம்தான். ஆனா நம்ம ஊர்ல அந்தப் பலகையைப் பெரும்பாலும் வாங்குறது கிச்சன் அலமாரிக்கு. அலமாரிக்கு நடுவுல ஒரு சந்து இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? அதனால சீலை மட்டும் நம்பாதீங்க. பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 1088 உள் சந்து விஷயத்துல இன்னும் கறார். அது கிடைச்சா, கை கடிச்சாலும் வாங்கிடலாம்.

கிடைக்காதவங்களுக்கு: நாலு ஓரத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. விரல் முட்டியால தட்டிக்கிட்டே போங்க, சத்தம் மாறுற இடத்துல சந்தேகப்படுங்க. ஆறு மி.மீ.-ல மூணு அடுக்கை விட அஞ்சு அடுக்கு மேல். எல்லாத்தையும் மொத்தமா வாங்காம ஒரு பலகையை மட்டும் வாங்கி குறுக்கே அறுத்துப் பாருங்க. ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சு, காயவெச்சு, திரும்பக் கொதிக்க வெச்சு உளியால நெம்புங்க. அடுக்கு அடுக்கா பிரிஞ்சா அது அலமாரிக்கே லாயக்கில்லை.

அடுத்தது அறுக்குறது. வரைபடத்துல இருக்குற புள்ளிகள்ல சின்ன ஆணி அடிச்சு, ஒரு மெல்லிய ரீப்பரை அதுமேல வளைச்சுக் கோடு போடணும். கோட்டுக்கு வெளியே ரெண்டு மி.மீ. விட்டு அறுத்து, இடது வலது பலகைகளைச் சேர்த்து கிளாம்ப் போட்டு ஒண்ணா இழைக்கணும். தனித்தனியா இழைச்சா ரெண்டும் ஒண்ணா வராது, படகு கோணிக்கும்.

பலகை எட்டடிதான். நீளமான படகுன்னா ஓரத்தைச் சாய்வா சீவி ஒட்டணும். தடிமன்ல எட்டு மடங்கு சாய்வு, அதாவது ஆறு மி.மீ.-க்கு 48 மி.மீ. சீவும்போது பிளைவுட்டோட அடுக்குகளே கோடு கோடா தெரியும். கோடுகள் நேரா, இணையா இருந்தா சாய்வு சரி. இதைவிட நல்ல அளவுகோல் கடையில கிடையாது.

"கம்ப்யூட்டர் மெஷின்ல அறுத்த கிட் வாங்கிட்டா இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கலாம். வாங்குங்க, தப்பில்லை. அளவு கச்சிதமா இருக்கும். ஆனா மெஷின் சந்து இருக்குற பலகையையும் அதே கச்சிதமா அறுக்கும்.

இது நம்ம ஞாயித்துக்கிழமைப் பொழுதுபோக்கு விஷயம் மட்டும் இல்லை. கட்டுமரத்துக்கான பெரிய மரங்கள் கிடைக்கிறது அரிதானப்போ, கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல பியர் ஜில்லே போன்றவங்க இதே தைத்து ஒட்டும் முறையில மீனவர்களுக்குப் பிளைவுட் படகு கட்டினாங்க. 1980-களில் அது குமரிக் கரையிலயும் தென்கேரளத்துலயும் பரவுச்சு. நாம படகை ஏரியில மெதுவா இறக்குவோம். அவங்க தினமும் அலையை உடைச்சுக்கிட்டுப் போய், திரும்ப மணல்ல மோதி ஏறணும். பலகை சொத்தைன்னா நமக்கு ரெண்டு மாச உழைப்பு வீண். அவங்களுக்குக் கடனும் உயிரும்.

சிக்கனம் பிடிக்கணும்னா பெயிண்ட்ல பிடிங்க, பாய்ல பிடிங்க. அதெல்லாம் அடுத்த வருஷம் மாத்திக்கலாம். பலகையை மாத்த முடியாது. கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை, நாலு ஓரத்தையும் பார்த்துட்டே காசு கொடுங்க.