எந்தப் பக்கம் ஓடுவது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் ரோட்டுக்கு ஓடியது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற எனக்கு அந்தக் குப்பங்களில் சொந்தபந்தம் அதிகம். "எந்தப் பக்கம் ஓடணும்னு யாராச்சும் சொல்லி வச்சாங்களாடி?" என்று கேட்டார் அத்தை.

சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1984 போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலை, அதன் அபாயத்தையும் தற்காப்பு வழியையும் தொழிலாளர்களோடு அக்கம்பக்கத்து மக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகினால் பாதிப்பு குறையும். இதை நோட்டீஸ் அடித்து ரேஷன் கடையில் ஒட்ட என்ன பெரிய செலவு?

அம்மோனியா கசிந்த அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கொசஸ்தலை முகத்துவாரத்தில் வலை, படகு எல்லாவற்றையும் கறுப்பாக்கியது. நிவாரணம் கொடுத்தார்கள், சரி. நான் கேட்பது வேறு. குப்பத்துக்குக் குப்பம் சைரன், ஆண்டுதோறும் ராத்திரி நேர ஒத்திகை, பாதுகாப்புக் குழுவில் ஊர்ப் பஞ்சாயத்தாரோடு பெண்களுக்கும் இடம். ஆண்கள் கடலுக்குப் போன நேரத்தில் கசிந்தால், கிழவர்களையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடப்போவது நாங்கள்தான்.