கல்லும் காணியும்

மாண்ட வீரனுக்கு மலர் வளையம். மீண்ட வீரனுக்கு மனுத்தாள்! இதுவன்றோ, தோழர்களே, டில்லி கண்ட நீதி! ஆண்டுக்கு ஒரு நாள் எக்காளம் முழங்குகிறது. கொடி தாழ்கிறது. கோலோச்சுவோர் தலை தாழ்கிறது. மறுநாள் காலை, அதே படையில் பணியாற்றித் திரும்பியவன், காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலக வாயிலில் நிற்கிறான். நேற்றுத் தாழ்ந்த தலைகளில் ஒன்றேனும் இன்று அவன் பக்கம் திரும்பிற்றா? இல்லை! நினைவு நாள்தான் முடிந்துவிட்டதே, இனி நினைப்பானேன்!

நினைவு என்றால் என்னவென்று டில்லியிடம் பாடம் கேட்க வேண்டிய நிலையில் தமிழன் இல்லை. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி. ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில், இவற்றுக்குப் பின்னே ஓங்கி நிற்கும் சமண மலை. பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும் ஆயிரம் ஆண்டுகளைக் கண்ட திருவுருவங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து. அந்த எழுத்து மன்னனின் மெய்க்கீர்த்தியா பாடுகிறது? இந்த உருவத்தைச் செய்வித்தவர் இன்னார், இன்னாரின் மாணாக்கர், குரண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்தவர் என்று ஆளைச் சொல்லுகிறது, இடத்தைச் சொல்லுகிறது. கொல்லாமை போதித்த துறவிகளின் மலைதான் அது. ஆனாலும் ஒரு பேருண்மையை எவருக்கும் சொல்லுகிறது: பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டவன் மறக்கப்படுவதில்லை!

இன்னும் மேற்கே சென்றால், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை. 2006-ஆம் ஆண்டு அங்கே நடுகற்கள் வெளிப்பட்டன. தமிழி எழுத்துப் பொறித்தவை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தவை. ஆநிரைப் பூசலில் உயிர் விட்ட ஒருவனின் பெயரை அந்தக் கல் இன்றும் சுமந்து நிற்கிறது. அவன் மாமன்னன் அல்லன், மந்திரி அல்லன். ஊருக்காக நின்றவன், அவ்வளவே.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகளை வகுத்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து! வரிசையைக் கவனியுங்கள், தோழர்களே! வாழ்த்து கடைசியில் வருகிறது. ஐந்து வேலைகளைச் செய்து முடித்தவனுக்கே ஆறாவதாக வாழ்த்த உரிமை. டில்லியோ வாழ்த்தில் தொடங்கி வாழ்த்திலேயே முடித்துக்கொள்ளுகிறது!

கல்லோடும் நம்மவர் நின்றாரில்லை. குருதி சிந்தி வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் அதைக் குறிக்கின்றன. நெய்த்தோர் என்றாலும் குருதியே. கல் அவன் பெயரைக் காத்தது. காணி அவன் பிள்ளையைக் காத்தது. கல்லும் காணியும் இணைந்தால்தான் நினைவு! காணியில்லாத கல் வெறுங்கல். பெயரில்லாத காணி பிச்சை. இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு வாருங்கள், வந்து போன அரசுகளையும் இருக்கும் அரசையும் அளந்து பார்ப்போம்.

முதலில் வெள்ளையன். 1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, இதே கீழக்குயில்குடி மக்கள்மீது ஏவினான். ஆடவரின் விரல் ரேகையை உருட்டி எடுத்தான்; இரவில் ஊரில் இருக்கிறார்களா என்று தலை எண்ணினான். அந்தச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கியால் பேசினான். அதே காலத்தில்தான் முதல் உலகப் போருக்குத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டினான். போர் முடிந்ததும் அவ்வூர்கள் சிலவற்றில் சலவைக் கல் பதித்தான். அதில் எழுதியது என்ன? இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள்! எண்தான் இருந்தது, பெயர் இல்லை! சந்தேகத்துக்குரியவன் என்றால் பத்து விரலையும் பதிந்துகொள்ளத் தெரிந்த பேரரசுக்கு, தனக்காகச் செத்தவன் என்றால் அந்த ஊர்க் கல்லில் பெயரை எழுதத் தெரியவில்லை. புலிமான்கோம்பைச் சிற்றூரான் செய்ததைச் சூரியன் மறையாத சாம்ராஜ்யம் அவ்வூர்க் கற்களில் செய்யவில்லை!

வெள்ளையன் போனான், விடுதலை வந்தது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துக்கு என்ன வந்தது? மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துக்கொண்டிருந்த தமிழர்கள் துப்பாக்கி ஏந்திய படை அது. சென்னையில் பிறந்த லட்சுமி ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய படை. 1944 ஏப்ரலில் மணிப்பூர் மொய்ராங்கில் கொடி நாட்டிய படை. பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து விலகி அதில் சேர்ந்தோரைச் சுதந்திர இந்தியா தன் படையில் மீண்டும் ஏற்க மறுத்தது. மத்திய அரசின் தியாகி ஓய்வூதியத் திட்டம் 1972-ஆம் ஆண்டில்தான் வந்தது. விடுதலைக்குப் பின் 25 ஆண்டுகள்! காத்திருந்த கண்களில் எத்தனை அதற்குள் மூடிவிட்டன!

அப்போதும் கேட்டார்கள் சான்று. சிறைக் குறிப்பு எங்கே? இல்லையென்றால் உடன் சிறையிருந்தவரின் சான்று எங்கே? பர்மாக் காட்டில் நடந்தவன் பதிவேட்டையா முதுகில் சுமந்து வந்தான்? அந்த வேளையில் அவனுக்குத் துணை நின்றது யார்? உடன் நடந்த தோழன்! “இவனை அறிவேன், என்னோடு இருந்தான்” என்று அவன் எழுதிக் கொடுத்த நாலு வரிதான் குடும்பத்துக்குச் சோறாயிற்று. போர் வீரர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிப்பதும், கூடிப் பேசுவதும், மாண்டவரின் பெயரைச் சொல்லிக்கொள்வதும் முதியோரின் பொழுதுபோக்கென்று எள்ளி நகையாடுவோர் இதைக் கேட்கட்டும். அந்த நினைவே அவர்களின் ஆவணம். அந்தக் கூட்டமே அவர்களின் அரண். உறங்க விடாமல் துரத்தும் போர்க்களத்தை மனைவியிடம் சொல்ல நாவெழாதவன், பக்கத்துப் பதுங்குகுழியில் கிடந்தவனிடம் மட்டும் வாய் திறக்கிறான். அந்த மருந்தை விற்கும் கடை எந்த நகரிலும் இல்லை.

1971-ல் வங்கப் போரில் வெற்றி கண்டது இந்தியப் படை. 1973-ல் என்ன பரிசு? மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டி, கடைசிச் சம்பளத்தில் 70 விழுக்காடாக இருந்த சிப்பாயின் ஓய்வூதியம் 50 விழுக்காடாக இறங்கிற்று. ஒரே பதவி, ஒரே பணிக்காலம். முன்னே ஓய்வு பெற்றவனுக்குக் குறைவு, பின்னே பெற்றவனுக்கு மிகுதி! ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ என்ற முழக்கம் நாற்பதாண்டுக் காலம் டில்லியின் கதவைத் தட்டியது. 2015 ஜூன் 15 முதல் ஜந்தர் மந்தரில் முதியவர்கள் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். ஆகஸ்டு 14, சுதந்திர நாளுக்கு முந்திய நாள், காவல்துறை அவர்களை அப்புறப்படுத்த வந்தது. மறுநாள் செங்கோட்டையில் வீரர் புகழ் பாட வேண்டும். முதல் நாள் வீரரைத் தள்ள வேண்டும்! என்ன நாடகம், என்ன காட்சி மாற்றம்! செப்டம்பர் 5-ல் திட்டம் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த நிலுவைத் தொகையை நான்கு தவணையில் தருவோம் என்றார்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே, கைம்பெண்களுக்கு ஏப்ரலுக்குள், எழுபது கடந்தோர்க்கு ஜூனுக்குள் என்று நாள் குறித்தாயிற்று. எண்பது வயதுக்காரனிடம் தவணை பேசுகிறவர்களுக்குக் காலனிடம் ஒப்பந்தம் ஏதேனும் உண்டோ!

நாடகம் எழுதுகிறவன் நான். ஒரு கற்பனைக் காட்சி தருகிறேன், பாருங்கள்.

முதியவர்: ஐயா, இம்மாதம் ஓய்வூதியம் வரவில்லை.

அதிகாரி: வாழ்நாள் சான்றிதழ் பதிவாகவில்லையே.

முதியவர்: வாழ்நாளே இதோ உங்கள் எதிரில் நிற்கிறதே!

அதிகாரி: நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை.

முதியவர்: எல்லையில் எதிரியின் குண்டுக்கு நான் தெரிந்தேன், ஐயா. அதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை!

காட்சி கற்பனை, கருப்பொருள் கற்பனையன்று. ‘ஸ்பர்ஷ்’ என்னும் புதிய ஓய்வூதிய ஏற்பாட்டுக்கு மாற்றிய வேளையில், ஆண்டுச் சான்று பதிவாகாத காரணத்தால் 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உரிய நாளில் போய்ச் சேரவில்லை. கூக்குரல் எழுந்த பிறகு மே முதல் வாரத்தில் கொடுத்தார்கள். ஸ்பர்ஷ் என்றால் தீண்டல் என்று பொருளாம்! தீண்டியதென்னவோ உண்மைதான்!

ஊனமுற்றவன் கதை இதனினும் கொடிது. சேர்க்கும்போது நல்லுடல் என்று எழுதிக்கொள்ளுவார்கள். நோயோடு திருப்பி அனுப்பும்போது, பணியால் வந்த நோயன்று என்பார்கள். சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில்தான் வந்தது என்றே கொள்ளவேண்டும், மறுப்பதானால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்று 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஊர்க்கோடியில் கிடக்கும் ஒருவனுக்கு எடுத்துச் சொல்லி, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு அவனை அழைத்துச் செல்லும் பணியைப் பல இடங்களில் யார் செய்கிறார்கள்? அரசா? உடன் பணியாற்றிய தோழர்கள்!

இத்தனைக்கும் மகுடமாக 2022 ஜூன் 14-ஆம் நாள் வந்தது அக்னிபாத். நான்கு ஆண்டுப் பணி. நூற்றுக்கு 25 பேர் வரை நிலைப்பர், மற்றவர் வெளியே. போகும்போது ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம். அதில் ஒரு பாதி அவனுடைய சம்பளத்தில் பிடித்த பணமும் அதன் வட்டியும்! ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடை இல்லை. முன்னாள் படைவீரன் என்ற பெயரும் இல்லை! முதல் அணியினருக்கு 2026-ன் இறுதியில் நான்காண்டு நிறைகிறது.

“களத்தில் மாண்டால் காப்பீட்டுத் தொகை 48 லட்சம், கருணைத் தொகை 44 லட்சம் உண்டே, துணைப்படைகளில் இட ஒதுக்கீடும் உண்டே” என்பர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அருகில் நின்று அதே குண்டுக்கு இரையான நிரந்தரச் சிப்பாயின் மனைவிக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம். இவன் பெற்றோருக்கு அது இல்லை. குண்டு பேதம் பார்க்கவில்லை, கோப்பு பார்க்கிறது! “ஓய்வூதியச் சுமை தாங்கவில்லை” என்றும் சொல்லுகிறார்கள். சுமையா? ஏட்டில் எழுதும் எண்ணைச் சுமை என்கிறார்கள்; பனிமலையில் மூச்சுத் திணறக் காவல் நின்றவன் சுமந்தது என்னவாம்!

2019 பிப்ரவரி 25-ல் டில்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்தார்கள். 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. நன்று, பெயரை எழுதினார்கள், பாராட்டுவோம். ஆனால் கல்லை நாட்டிய மூன்றே ஆண்டில் காணியைப் பறித்தார்களே, அதைக் கேட்கமாட்டோமா?

தோழர்களே! டில்லி திருந்தும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது! ஒவ்வொரு கிளையும் ஒரு குறிப்பேடு வாங்கட்டும். நம் ஊரில் படைக்குப் போனவர் யார், திரும்பியவர் யார், திரும்பாதவர் யார் என்று வீடு வீடாகச் சென்று எழுதட்டும். பெயர், படைப்பிரிவு, படை எண், சேர்ந்த ஆண்டு, விடுபட்ட ஆண்டு. நிலுவை உண்டா? மனைவியின் பெயர் படைப் பதிவேட்டில் பிழையின்றி இருக்கிறதா? ஓர் எழுத்து மாறினால் நாளை அந்தக் கைம்பெண் ஆண்டுக்கணக்கில் அலைவாள்! மதுரையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; அங்கே செல்ல வழித்துணையாகுங்கள். மனு எழுதத் தெரியாதவனுக்கு உங்கள் பேனா கைத்தடியாகட்டும்.

1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். உண்டியல் வரும், காசு போடுங்கள். போட்டுவிட்டு, உண்டியலை நீட்டும் அரசைப் பார்த்துக் கேளுங்கள்: “மக்கள் தருவது அன்பளிப்பு, கருவூலம் தரவேண்டிய கடன் எங்கே?”

எந்த அணியில் சேர்ந்தவனாயினும், எத்தனை ஆண்டு நின்றவனாயினும், சீருடை அணிந்து காவல் நின்றவன் படைவீரனே. அவன் பெயர் ஏட்டில் ஏறட்டும். அவன் வீட்டில் உலை ஏறட்டும். கல்லும் வேண்டும், காணியும் வேண்டும்! இரண்டையும் கொடுத்த பிறகு வாருங்கள், டில்லித் தலைவர்களே. அன்றைக்கு உங்கள் வாழ்த்துப் பாவுக்கு நாங்களும் கை தட்டுகிறோம்!