வெயில் எல்லோருக்கும் பொது. சூரியப் பண்ணை யாருக்குச் சொந்தம்?

தோழர்களே! அமெரிக்கா முதலாளிகளின் சொர்க்கம். அங்கேயும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மின்சாரம் தனி முதலாளியின் சரக்கு அல்ல. நகர மக்களின் சொத்து. 1917-ல் நகரம் தன் சொந்த நீர்மின் நிலையத்தை ஓடவிட்டது. பல ஆண்டுகள் தனியார் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்று, 1937-ல் எஞ்சியிருந்த பெரிய கம்பெனியின் மின்சார அமைப்பையும் விலைக்கு வாங்கிவிட்டது.

அதன் பலனை 2000-2001-ல் உலகம் கண்டது. கலிபோர்னியாவில் மின்சாரத்தைச் சந்தைச் சூதாட்டத்துக்குத் திறந்துவிட்டார்கள். என்ரான் கும்பல் செயற்கைத் தட்டுப்பாட்டை உண்டாக்கி விலையை விண்ணுக்கு ஏற்றியது. தனியார் கம்பெனிகளை நம்பிய ஊர்கள் இருண்டன. பசிபிக் காஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனி திவாலானது. சொந்த மின்நிலையங்கள் வைத்திருந்த லாஸ் ஏஞ்சல்ஸில் விளக்கு அணையவில்லை!

இன்று அதே நகரத்துக்குள் முதலாளி பின்வாசல் வழியாக நுழைகிறான்.

2011-ல் வந்த மாநிலச் சட்டம், நகரசபைகளின் மின் நிறுவனங்களும் 2020-க்குள் 33 சதவீத மின்சாரத்தைக் காற்று, வெயில் போன்றவற்றிலிருந்து பெறவேண்டும் என்றது. 2018 சட்டம் அதை 2030-க்குள் 60 சதவீதமாக உயர்த்தியது. சட்டத்தை நாம் வரவேற்கிறோம். நிலக்கரிப் புகையை முதலில் விழுங்குகிறவன் தொழிலாளி. பருவம் தப்பினால் முதலில் பட்டினி கிடப்பவன் விவசாயக் கூலி.

ஆனால், மின்சாரம் எதிலிருந்து வந்தது என்று கேட்கும் சட்டம், உற்பத்திச் சாதனம் யார் கையில் என்று கேட்கவில்லை!

2019 செப்டம்பரில், மொஹாவி பாலைவனத்தில் அமையவிருந்த ஈலண்ட் சூரியப் பண்ணையின் மின்சாரத்தை வாங்க, நகரம் தனியார் கம்பெனியோடு 25 ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. பண்ணை 400 மெகாவாட். சூரிய மின்சாரம் யூனிட் 2 சென்ட்டுக்கும் குறைவு. "இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் வாங்குவதில் என்ன தப்பு?" என்கிறார்கள்.

மலிவு எங்கிருந்து வந்தது? சூரியப் பண்ணை போடுகிற கம்பெனிக்கு மத்திய சர்க்கார் முதலீட்டில் 30 சதவீதம் வரை வருமான வரியில் கழித்துக் கொடுத்தது. நகர நிறுவனம் வருமான வரி கட்டுவதில்லை. ஆகவே அதற்குச் சலுகை கிடையாது! மக்கள் கஜானாவுக்கு வரவேண்டிய பணம் முதலாளிக்கு. அவனிடம் கைநீட்டி வாங்கும் வேலை மக்களுக்கு! 2022-ல்தான் பொது நிறுவனங்களுக்கும் அத்தொகை ரொக்கமாகக் கிடைக்கச் சட்டம் வந்தது. 2025 ஜூலையில் டிரம்ப் சர்க்கார் காற்றுக்கும் வெயிலுக்குமான சலுகைக்கே கெடு வைத்துவிட்டது.

நகரத்தால் சொந்தமாக நடத்த முடியாதா? 2009-ல் 120 மெகாவாட் பைன் ட்ரீ காற்றாலைப் பண்ணையை நகரமே சொந்தமாக அமைத்ததே! முடியும் என்பதற்கு அந்த இறக்கைகள் சாட்சி.

தொழிலாளியின் கதி என்ன? கடலோரத்து மூன்று எரிவாயு மின்நிலையங்களைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2019-ல் மேயர் கார்செட்டி அறிவித்தார். மின் தொழிலாளர் சங்கம் எதிர்த்து எழுந்தது. அவர்களைச் சுத்தக் காற்றின் விரோதிகள் என்று ஏசுவது அநியாயம். பழைய நிலையம் நகரத்துடையது, புதிய பண்ணை கம்பெனியுடையது என்றால், இங்கே வேலை இழப்பவன் அங்கே எந்த உரிமையோடு கேட்பான்?

நமக்கென்ன என்று இருக்காதீர்கள். இங்கேயும் 2003 மின்சாரச் சட்டப்படி மின் வாரியங்கள் ஒரு பங்கு காற்று, சூரிய மின்சாரம் வாங்கியாகவேண்டும். நம் பஞ்சாலை முதலாளிகள் பலர் தங்களுக்கென்று சொந்தக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். சொந்தமாக இருப்பதன் அருமை அவர்களுக்குத் தெரியும். முதலாளிக்குச் சொந்தக் காற்றாலை; மக்களுக்கு மட்டும் கொள்முதல் ரசீதா?

சுத்த மின்சாரம் வேண்டும்! அது பொதுச் சொத்தாக வேண்டும்! பழைய நிலையத்துத் தொழிலாளிக்குப் புதிய பண்ணையில் அதே கூலியும் அதே சங்கமும் வேண்டும்! லாஸ் ஏஞ்சல்ஸ் தோழனின் கோரிக்கை இதுவே. நம் கோரிக்கையும் இதுவே!