இரவல் பாட்டும் சொந்தக் குரலும்

மேல்நாட்டு ராக், பாப் பாட்டுகளை எடுத்துப் பாடிப் பேர் பெற்ற திருமதி உஷா உதுப் அவர்களைப் பற்றி நாம் புகழ்ந்து பேசினால், கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள சில சங்கீத ரசிகர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. அது இரவல் பாட்டாம், அந்நியச் சரக்காம், பெண் குரலே அல்லவாம். இம்மூன்று ஆட்சேபணைகளின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

முதலாவது, இரவல். 1847இல் காலமான தியாகராஜரின் கீர்த்தனையை இன்று ஒரு வித்வான் பாடினால் அது வித்தை. ஒரு பெண் அமெரிக்கக்காரர் பாட்டைப் பாடினால் மட்டும் இரவலா? 1965இல் ஓட்டிஸ் ரெடிங் பாடிய 'ரெஸ்பெக்ட்', அதாவது மரியாதை, ஆண்பிள்ளை வீட்டில் மரியாதை கேட்கும் பாட்டு. 1967இல் அரீதா ஃபிராங்க்லின் என்ற கறுப்பினப் பெண் அதையே பாடினார். பெண் மரியாதை கேட்கும் பாட்டாகிவிட்டது. பாடும் வாய் மாறியதும் அர்த்தமே மாறிற்று.

இரண்டாவது, அந்நியச் சரக்கு. கச்சேரியில் வாசிக்கும் பிடில் எந்த ஆகமத்தில் இருக்கிறது? 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடித் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டபோதும், சங்கீதத்தின் தரம் கெடுமென்றே கூக்குரல் எழுந்தது. கெட்டுவிட்டதா?

மூன்றாவது, குரல். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவரைக் கனத்த குரல் என்று பள்ளிச் சங்கீத வகுப்பிலேயே ஒதுக்கினார்கள். அதே குரலுடன் 1969இல் சென்னை மவுண்ட் ரோடு இரவு விடுதியில் பாடத் தொடங்கினார். 1980களில் மேற்கு வங்க மந்திரி ஒருவர், கலாசாரத்தைக் கெடுப்பதாகச் சொல்லி அரசாங்க அரங்கில் தடுத்தார். இவர் நீதிமன்றம் சென்று வென்றார். 2024இல் பத்மபூஷண் வந்தது. எழுபதைத் தாண்டியும், நேற்று வந்த அமெரிக்கப் பெண்களின் பாட்டைக்கூடப் புதிதாகக் கற்றுப் பாடுகிறார்.

நிற்க. "பட்டுப்புடவையும் பெரிய பொட்டும் வைத்திருக்கிறாரே, ஆகையால் பரவாயில்லை" என்போரும் உண்டு. கால்சட்டை போட்டிருந்தால் சுருதி குறைந்திருக்குமோ? உடை அவர் இஷ்டம். நாம் மெச்சுவது உழைப்பையும் துணிவையும்தான்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண் கனத்த குரலில் பாடினால், "ஆண்பிள்ளைக் குரல்" என்று வாயடைக்காதீர்கள். மேடை ஏற்றிவிடுங்கள். குயிலைப் போலத்தான் பெண் பாடவேண்டும் என்று விதித்தவன் யார்? கூவுகிற குயில் ஆண் குயில் என்பதுகூட அவனுக்குத் தெரியாது!