இரைச்சலைத் துடைக்கச் சொன்னவன்

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது என் மாணவன் ஒருவன், தன் டேப்லெட்டில் பதிவு செய்த நான்கு பாடல்களை எனக்கு அனுப்பியிருந்தான். இணையவழி வகுப்புக்கென்று வீட்டில் வாங்கிக் கொடுத்த டேப்லெட் அது. தமிழ் இலக்கியம் கற்பிக்கிற எனக்கு ஏன் அனுப்பினான் என்பது இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. தி ஃபால் என்ற ஆங்கிலேய இசைக்குழு தன் பெயரை ஆல்பெர் காம்யுவின் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டது என்று எப்போதோ வகுப்பில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்திருந்தானோ என்னவோ.

கேட்டேன். கிதார் காதை அறுத்தது. குரல் அதற்கடியில் எங்கோ கிடந்தது. போதாக்குறைக்குப் பாடலின் ஊடே 'டக் டக்' என்று ஏதோ தட்டப்படும் ஓசை. பாடும்போது தாளம் தவறாதிருக்க டேப்லெட்டின் விளிம்பில் விரலால் தட்டியிருக்கிறான். அதிலேயே இருக்கும் மைக் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிட்டது. 'நல்ல முயற்சி. இரைச்சலைக் குறைத்து, அந்தத் தட்டும் ஓசையை நீக்கிவிட்டு, ஒழுங்காகப் பதிவு செய்து அனுப்பு' என்று பதில் எழுதினேன். விடைத்தாளில் சந்திப்பிழையைச் சுழிக்கிற கை எழுதிய பதில் அது. அதற்குப் பின் அவன் எதையும் அனுப்பவில்லை.

அந்தப் பதில் தவறு என்று இப்போது கருதுகிறேன். நல்ல மனம் படைத்தவர்கள் பலரும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று தோன்றுகிறது.

பங்க் இசையின் முதல் அலை 1976, 77ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் எழுந்து தணிந்தபோது, அதன் ஆவேசத்தை எடுத்துக்கொண்டு அதன் சூத்திரத்தை மட்டும் கைவிட்டவர்களின் இசையைப் போஸ்ட்-பங்க் என்கிறோம். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிய 500 பவுண்டுதான் முதலீடு. 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற பெயரில் அவர்களே அதை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000 இசைத்தட்டுகள். விற்று முடிந்தபோது கணக்கு 16,000ஐத் தொட்டிருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உறை. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது, பின்னர் அதன்மேல் ஏதேனும் சேர்க்கப்பட்டதா என்ற விவரத்தை அதில் அச்சிட்டிருந்தார்கள். சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பந்தி பரிமாறுவது போன்ற காரியம் இது.

லண்டனின் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்கள் முதல் இசைத்தட்டுக்கு 153 பவுண்டு செலவானது என்பதை அடுத்த தட்டின் உறையிலேயே சொன்னார்கள். 1978இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு பதிவுக் கட்டணம், தட்டு அச்சிட ஆன தொகை, லேபிளுக்கு ஆன தொகை என்று முழு வரவுசெலவையும் நகலெடுத்த காகித உறையில் போட்டது. இதை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. இதைப் படிக்கிற நீயும் செய்யலாம், இவ்வளவுதான் ஆகும் என்ற அழைப்பு அது. நம் சிற்றிதழ்க்காரர்கள் அச்சகக் கடனைத் தலையங்கத்தில் எழுதியது நண்பர்களுக்கு நினைவு வரலாம். ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் அதைப் புலம்பலாக எழுதினார்கள், இவர்கள் செய்முறைக் குறிப்பாக எழுதினார்கள். வேறுபாடு சிறியதில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிட வேண்டும். போஸ்ட்-பங்க் என்றாலே கரடுமுரடான பதிவு என்பது சரியல்ல. ஜாய் டிவிஷனின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' (1979) ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரானது. மார்ட்டின் ஹானெட் அதில் ஒவ்வொரு முரசின் ஒலியையும் பிரித்தெடுத்து, அந்நாளின் புத்தம்புதிய டிஜிட்டல் கருவிகளால் அந்தக் குளிர்ந்த வெற்றிடத்தை உருவாக்கினார். குழுவினரில் சிலருக்கே அது அப்போது பிடிக்கவில்லை. ஸ்பைரல் ஸ்க்ராட்சின் தயாரிப்பாளரும் இதே ஹானெட்தான். ஆக, கரடும் வழவழப்பும் இந்த இசையில் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன. எந்தப் பாட்டுக்கு எது என்ற தேர்வு மட்டுமே உண்டு.

வீட்டுப் பதிவு தனிப் பாதையில் வந்தது. ஷெஃபீல்டு நகரில் 1973லேயே கிறிஸ் வாட்சன் தன் வீட்டு மாடியறையில் ஒலிநாடாக் கருவிகளோடு நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு இரைச்சலை அடுக்கத் தொடங்கியிருந்தார். 1916இல் சூரிச்சில் தாதா கலைஞர்கள் நடத்திய விடுதியின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்ட கேபரே வோல்ட்டேர் குழு அது. (இதே வாட்சன் பிற்காலத்தில் இயற்கை ஒலிகளின் பதிவாளராகி, டேவிட் ஆட்டன்பரோவின் தொடர்களுக்குப் பறவைகளையும் விலங்குகளையும் பதிவு செய்து தந்தார். இரைச்சலைக் கூர்ந்து கேட்டுப் பழகிய காது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.) 1979இல் டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ வந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியலாம். நான்கு போதவில்லையென்றால் மூன்றைச் சேர்த்து நான்காவதில் இறக்கிவிட்டு மீண்டும் மேலே பதியலாம். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் சீறல் கூடும். அந்தச் சீறல், ஒருவகையில், ஒருவர் தனியாக எத்தனை முறை முயன்றார் என்பதன் பதிவு.

என் மாணவனுக்கு நான் எழுதிய பதிலை நினைத்து வெட்கப்பட வைப்பது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் கதை. அவர் போஸ்ட்-பங்க் ஆளல்ல, அது வேறு விஷயம். நியூ ஜெர்சியில் தான் தங்கியிருந்த வீட்டில், இந்த நான்கு தடக் கருவியில், பின்னர் குழுவோடு பதிவு செய்வதற்கான மாதிரியாகச் சில பாடல்களைப் பாடி வைத்தார். கேசட்டைப் பெட்டிகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு முழுக் குழுவும் முறையான கூடத்தில் உட்கார்ந்து அவற்றை 'ஒழுங்காக' வாசித்துப் பார்த்தது. பாடல்கள் எழும்பவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 1982இல் 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார்கள். அந்தக் குழுவுக்கு வாசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பாடல்களில் இருந்தது தனியொரு மனிதனின் அறை. அறையைத் துடைத்ததும் மனிதனும் போய்விட்டான்.

டேப்லெட்டுக்கு வருவோம். முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் கொரில்லாஸ் குழுவின் டேமன் ஆல்பர்ன், வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் 32 நாட்களில், பெரும்பாலும் அதிலேயே ஒரு முழு இசைத்தொகுப்பை உருவாக்கினார். 2010 கிறிஸ்துமஸ் அன்று ரசிகர் மன்றத்தாருக்கு இலவசமாகக் கிடைத்தது. அதன் பெயரும் 'தி ஃபால்'தான். மான்செஸ்டர் குழுவின் பாடகர் மார்க் இ. ஸ்மித் அதே ஆண்டு வந்த கொரில்லாஸின் முந்தைய தொகுப்பில் பாடியிருந்தார் என்பதால் இந்தப் பெயர் ஒற்றுமை என்னைச் சிரிக்க வைக்கிறது. தொகுப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பாடல்களின் பெயர்களில் ஊர்கள் வருகின்றன, ஒலியில் ஊர் குறைவு. ஆனால் விடுதி அறையிலிருந்து ஒருவர் ஒரு தொகுப்பை முடித்துவிடலாம் என்பது அதோடு உறுதியாயிற்று. 2011 மார்ச்சில் கராஜ்பேண்ட் ஐபேடுக்கு வந்தபோது விலை 5 டாலருக்கும் குறைவு. 2017இல் அதுவும் இலவசமாகிவிட்டது. 153 பவுண்டுக் கணக்கு பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டேப்லெட்டுக்கு நாடாவின் சீறல் கிடையாது. அதில் கிதார் உறுமுகிறதென்றால், பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் தாங்க முடியாமல் உடைகிற ஓசையைச் செயலி நடித்துக் காட்டுகிறது. பெயர் சூட்டிய இரைச்சல்கள் வரிசையாகப் பட்டியலில் இருக்கின்றன, தொட்டால் போதும். தாளம் பிசகினால் செயலியே இழுத்துக் கட்டத்துக்குள் உட்கார வைக்கும். நான் கேட்ட டேப்லெட் பதிவுகளில் பெரும்பாலானவை சலிப்பூட்டியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவற்றில் இரைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாருடைய இரைச்சலும் ஒன்றாக இருந்தது. எல்லாரும் இயன் கர்டிஸின் கனத்த குரலை வரவழைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அங்கே அவரவருக்கென்று மிஞ்சுவது அந்த மைக் தவறுதலாக வாங்கிக்கொண்ட அறை மட்டுமே. மின்விசிறி, தெரு, விரல் தட்டும் ஓசை. நான் நீக்கச் சொன்னது அதைத்தான்.

ஆக்குவது எளிதானபின் பகிர்வதும் எளிதாகிவிட்டது என்று சொல்கிறார்கள். எனக்கு ஐயம் உண்டு. பாண்ட்கேம்ப் 2008 முதல் யாரும் தம் இசையை நேரடியாக விற்க வழி செய்தது. டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக எஞ்சியதை இசைஞருக்குத் தந்தது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2022இல் ஒரு நிறுவனத்துக்கும் 2023இல் இன்னொரு நிறுவனத்துக்கும் அது கைமாறியது, இரண்டாம் முறை ஊழியரில் பாதிப்பேருக்கு வேலை போயிற்று. ஸ்பாட்டிஃபையோ, 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்குப் பணமே தருவதில்லை என்று விதி செய்தது. ஆயிரம். பஸ்காக்ஸ் அச்சிட்ட முதல் தட்டுகளின் எண்ணிக்கை. அன்று ஒரு இயக்கத்துக்கு வித்தாகப் போதுமாயிருந்த எண், இன்று கணக்கில் சேர்வதற்கான வாசற்படி. இரண்டும் ஒரே அளவையல்ல என்பது தெரியும். ஒன்று வாங்கிய பிரதி, மற்றது கேட்ட தடவை. அதனால்தான் இன்னும் கசக்கிறது.

அன்று பிபிசியில் ஜான் பீல் இருந்தார். யாரோ எங்கோ அச்சிட்ட தட்டுகளை இரவில் ஒலிபரப்புவார். சில வேளை தவறான வேகத்தில் ஓட விட்டு, பிறகு மன்னிப்புக் கேட்பார். பகிர்தல் என்றால் மறுமுனையில் அப்படி ஒரு காது வேண்டும். அவர் 2004இல் இறந்தார். அவருக்கு ஈடான காது எந்தச் செயலியிலும் இல்லை. இளைஞர்கள் இன்று தங்கள் பாட்டை அனுப்பும்போது 'சவுண்ட் சரியா இல்ல, மன்னிச்சுக்கோங்க' என்று முதலில் எழுதுகிறார்கள். 1977இன் உறைகளில் விவரம் இருந்தது, மன்னிப்பு இல்லை. இந்த மன்னிப்பை அவர்கள் எங்கே கற்றார்கள் என்று தேடினால் என்னைப் போன்ற வாத்தியார்கள் எங்காவது நிற்போம்.

எல்லாப் பதிவும் அருமை என்று சொல்ல நான் வரவில்லை. அந்த நான்கு பாடல்களில் இரண்டு சாதாரணமானவை என்றே இன்றும் நினைவு. அதைச் சொல்லியிருக்கலாம். வரிகளைப் பற்றிப் பேசியிருக்கலாம், அது என் துறை. மூன்றாவது பாட்டில் குரல் ஏன் பாதியில் பின்வாங்குகிறது என்று கேட்டிருக்கலாம். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பாட்டை இன்னும் கேட்கத் தொடங்காதவன் சொல்லக்கூடிய ஒன்றைச் சொன்னேன்.

சென்ற மாதம் அவனுக்கு எழுதினேன். அந்தப் பாடல்கள் என்னிடம் இல்லை. கைபேசி மாற்றியபோது போய்விட்டன. டேப்லெட் இப்போது தங்கையிடம் இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றான். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு பாடல் வந்தது, கூடவே ஒரு வரி: 'சார், அந்தத் தட்டுற சத்தத்த எடுக்க முடியல.'

அது எத்தனையாவது முறை பாடியது என்று கேட்டு எழுதினேன்.

'மூணாவது, சார். முதல் ரெண்டு தடவையும் நடுவுல அம்மா கூப்பிட்டுட்டாங்க.'

அந்த இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறேன்.